யாருக்கும் கேட்காத படம்

ஜூன் 8, புதன்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. அகிலா ஏழாம் வகுப்பு போகத் தொடங்கிவிட்டாள், யூனிபார்ம் இன்னும் தைத்து வரவில்லை. டெய்லரைப் பிடிக்க வேண்டும்.

வலது காதில் இரைச்சல். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சீறுமே, அது மாதிரி. தலைக்குக் குளித்ததில் தண்ணீர் போயிருக்கும். இடது காது சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்தபோதே போய்விட்டது. இருப்பது இது ஒன்றுதான்.

கம்பெனியில் ஊறுகாய் ஜாடி. சூளையிலிருந்து இறங்கி, ஆறி, என்னிடம் வரும். குச்சியால் ஒரு தட்டு. கணீர் என்றால் நல்லது. டொக்கு என்றால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வேலை. இன்று மத்தியானத்துக்கு மேல் எல்லா ஜாடியும் பஞ்சு மூட்டையைத் தட்டுவது போல. பக்கத்து மேசை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான இருக்குது? கணீர்னு கேக்குதேக்கா" என்றாள்.

சிரித்து மழுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் பஸ் கதை. ஸ்ரீமுஷ்ணம் வண்டியில் கண்டக்டர், வாய் ஓயாது. தினம் ஒரு சண்டை, ஒரு சிரிப்பு. இன்று பாதிதான் காதில் விழுந்தது. "உம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 9, வியாழன்

எண்ணெய் காய்ச்சி விட்டாயிற்று. பூண்டு போட்டு. இரைச்சல் இன்னும் கூடுதல்.

வாங்க: சீயக்காய், அகிலாவுக்கு ரிப்பன், பஞ்சு.

ஜூன் 11, சனி

எழுந்தபோது மின்விசிறி சுற்றுகிறது, சத்தம் இல்லை. கரண்டு வோல்டேஜ் கம்மி என்று நினைத்தேன். அகிலா எதிரே நின்று வாயை அசைக்கிறாள். விளையாடாதே என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

இரைச்சல் மட்டும் இருக்கிறது. அது வெளியில் இல்லை, எனக்குள்ளே.

ஜூன் 13, திங்கள்

வேலைக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் அகிலாவுக்கும் மட்டும் தெரியும்.

குச்சியை எடுத்துத் தட்டினேன். விரலில் ஒரு அதிர்வு, அவ்வளவுதான். நல்லதும் அப்படியே, கெட்டதும் அப்படியே. அதே ஜாடியை மூன்று தடவை தட்டினேன். ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் தட்ட, அவள் கேட்டுக் கண்ணால் சொன்னாள். இமைத்தால் நல்லது. தன் வேலையையும் விட்டுவிட்டு.

இது எத்தனை நாளுக்கு.

ஜூன் 15, புதன்

பாண்டிச்சேரி. காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். கேட்டால் கை தூக்கச் சொன்னார்கள். வெளியே அந்தப் பெண் திருகித் திருகிப் பார்க்கிறாள். நான் கையை மடியில் வைத்தபடியே இருந்தேன். ஒரு தடவை பொய்யாகத் தூக்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கீழே போட்டுவிட்டேன்.

டாக்டர் அவரிடம் பேசினார். நெடுநேரம். எனக்கு ஒரு சீட்டில் எழுதித் தந்தது: "நரம்பு. மாத்திரை சாப்பிடுங்க. உடனே வந்திருக்கணும். பார்ப்போம்."

எண்ணெய் விட்டே நாட்களைக் கழித்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடலூர், வடலூர், நெய்வேலி. ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தாலும் எனக்குத் தெரியாது.

ஜூன் 18, சனி

மாத்திரையில் முகம் ஊதிவிட்டது. தூக்கம் இல்லை.

அகிலாவின் பழைய ஸ்லேட்டைத் தேடி எடுத்தோம். அவர் எழுதுவது: "சாப்பாடு". "சாவி எங்க". "டூட்டிக்குப் போறேன்". ஒரு நாளைக்கு அவ்வளவுதான். பஸ் கதையெல்லாம் நின்றுபோயிற்று. எழுதச் சங்கடம். எனக்கும் கேட்கச் சங்கடம். அகிலா அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், நான் பார்த்ததும் இருவரும் நிறுத்திவிடுகிறார்கள். என்னைப் பற்றி இல்லை, தெரியும். தெரிந்தும் உள்ளே போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன். எவ்வளவு சத்தம் வந்ததோ, அகிலா காதைப் பொத்திக்கொண்டாள்.

அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வருகிறது, ஆனால் சின்னப் பிள்ளைக் குரலாக வருகிறது. இப்போதைய குரல் வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 20, திங்கள்

கம்பெனியில் தெரிந்துபோயிற்று. சூப்பர்வைசர் கலியபெருமாள் பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை. ஸ்டெல்லா தோளைத் தொட்டுத் திருப்பினாள். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். என் கையிலிருந்து குச்சியை வாங்கி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். காது சரியானதும் வா என்று சைகை.

ஸ்டெல்லா கேட் வரைக்கும் வந்தாள். வாயசைவில் ஒன்று மட்டும் புரிந்தது: "எக்கா, எக்கா."

ஜூன் 23, வியாழன்

இதை எழுதுவதா வேண்டாமா.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு ரயில் பாதையைக் குறுக்கே கடந்து வந்தேன், எப்போதும் வருகிற வழி. பாதிப் பாதையில் நின்றேன். ஏன் நின்றேன். வெயில். கால் ஓயவில்லை, மனசு ஓய்ந்துபோயிற்று. யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்தேன். பின்னால் ஷண்டிங் இன்ஜின், மெதுவாகத்தான், ஆனால் அவ்வளவு பக்கத்தில். காக்கிச் சட்டை போட்ட ரயில்வேக்காரர், கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். வாயில் வெற்றிலை. கத்தியது ஒன்றும் கேட்கவில்லை. காதைக் காட்டினேன். அப்படியே வாயை மூடிக்கொண்டு, புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஜூன் 24, வெள்ளி

பாதையில் நடந்ததை ஊரில் இருக்கிறவர்கள் அவரிடம் சொல்லிவிட்டார்கள். அவர் டூட்டிக்குப் போகவில்லை. ஸ்லேட்டை எடுத்து எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

"நெஜமாவே கேக்கலியா. இல்ல தெரிஞ்சி நின்னியா."

ஸ்லேட்டை அவர் பக்கமே தள்ளினேன். கேட்கவில்லை என்பது உண்மை. கேட்டிருந்தால் நகர்ந்திருப்பேனா, அது தெரியவில்லை.

அவர் ஸ்லேட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். அகிலா பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் ஆனதும் அழித்தார்.

ஜூன் 26, ஞாயிறு

நேற்றும் இன்றும் அவர் வீட்டில். நான் வாசலுக்குப் போனால் வாசலுக்கு வருகிறார். மாட்டுக்குக் காவல் இருக்கிற மாதிரி. எரிச்சல்.

மத்தியானம் அகிலாவை என்னோடு உட்காரவைத்துவிட்டு சி.டி. கடைக்குப் போய் ஒரு சிரிப்புப் படம் எடுத்து வந்தார். எனக்கெதற்குப் படம். வாயசைவைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரிக்கும்போது தெரியாமல் சிரிக்க வேண்டும். உட்காரமாட்டேன் என்றேன். அகிலா கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. வெள்ளைக்காரர்கள். அட்டையில் இருந்த படம் இல்லை, கடையில் மாறிப்போய்விட்டது போல. எல்லாரும் வாயை அசைக்கிறார்கள், வழக்கம்போல எனக்கு ஒன்றுமில்லை. அவர் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். எழுந்துபோய் டி.வி. பின்னால் ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். மறுபடி அமுக்கினார். எனக்காகச் சத்தம் கூட்டுகிறாரோ என்று நினைத்து ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "விடுங்க, எனக்குத்தான் கேக்காதுன்னு தெரியுமில்ல" என்று கத்தினேன்.

அகிலா ஸ்லேட்டில் எழுதினாள். "அம்மா இதுல சத்தமே இல்ல. பாட்டு கூட இல்ல. எங்களுக்கும் கேக்கல."

நம்பவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையாட்டினார். தப்புப் படம் எடுத்து வந்தவரின் திருட்டு முழி. நிஜம்தான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் கேட்காத படம்.

ஒரு குண்டு ஆள், சுமை தூக்குகிறவன். மலை மேலே படி படியாக ஊர். உச்சி வீட்டில் ஒரு பெண். அவள் வாங்கிய பீரோவை இவன் முதுகில் சுமந்துகொண்டு ஏற வேண்டும். இடையிடையே இங்கிலீஷ் எழுத்து வந்து போகிறது. அவர் எழுத்துக் கூட்டுவதற்குள் போய்விடுகிறது, அகிலாவுக்கு ஒரு சொல் இரண்டு சொல். "என்னாவாம்?" என்று அவர் வாய் அகிலாவைக் கேட்பது தெரிந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. இரண்டு வாரமாக முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு இது பெரிய காரியமா. "அவளக் கட்டிக்கணும்னு ஆச இவனுக்கு. வாய் வரல. அதான் கூலி வேணாங்கறான்" என்றேன். இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் திரும்பினார்கள். நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வழியில் பீரோவைப் பார்த்துச் சவப்பெட்டி என்று நினைத்து ஒருவர் தொப்பியைக் கழற்றுகிறார். பின்னால் நடக்கிறார். இன்னொருவர், இன்னொருவர். ஊரே பின்னால் அழுதுகொண்டு வருகிறது. அவனும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அழுகிறான். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும். தெரிந்தே சிரித்தேன்.

மேலே போனால் வீடு பூட்டியிருக்கிறது. அவள் ஊரைவிட்டே போகிறாள். பீரோவோடு மறுபடி கீழே, ஸ்டேஷனுக்கு. ரயில் போய்விட்டது. பீரோவைப் பிளாட்பாரத்தில் வைத்து, கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்து மூடிக்கொள்கிறான். அவ்வளவு பெரிய ஆள். அந்தப் பெண் ரயில் ஏறவில்லை. வந்து, விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிறாள்.

சத்தம் கேட்ட மாதிரி அகிலா திடுக்கிட்டாள். எனக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

கதவு திறக்கிறது. அவன் முகம். முடிந்துவிட்டது.

இரண்டாம் தடவையும் போட்டோம். சோறு ஆறிப்போயிற்று.

ஜூன் 27, திங்கள்

நேற்றுச் சிரித்தது யார் என்று இருக்கிறது. இன்று அதே இரைச்சல், அதே சுவர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உட்கார்ந்து அழுதேன். அழுவது எப்படிக் கேட்கிறதோ. வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஜூன் 28, செவ்வாய்

அவர் டூட்டிக்குப் போனார். ஸ்டெல்லாவின் அம்மாவை என்னோடு உட்காரவைத்துவிட்டு.

சி.டி.யைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைக்காரர் சொன்னதாக ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார். இவ்வளவு நீளமாக அவர் எழுதியது இதுதான் முதல் தடவை:

"யாரோ காலேஜ் வாத்தியாரோடதாம். சி.டி. அட்ட மாறிப்போச்சாம். அந்தக் காலத்துல ஒலகம் பூரா ஓடுன படமாம். வாத்தியாருக்கு உசுராம். காணுமின்னு தேடிக்கிட்டு கெடந்தாராம். நம்ம மூணு பேரும் ரெண்டு தடவ பாத்தம்ன்னு சொன்னன். கடைக்காரன் என்னிய ஒரு மாதிரியா பாக்கறான்."

படத்தின் பெயர் கேட்டீர்களா என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டார். மறந்துவிட்டார்.

ஜூலை 4, திங்கள்

பாண்டி. மறுபடி கண்ணாடி அறை. கை தூக்கவில்லை, பொய்யாகவும்.

டாக்டர் எழுதியது: "இனி வராது. மெஷின் வைத்தாலும் பயன் குறைவு. மன்னிக்கவும்." மன்னிக்கவும் என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தார்.

வாசலில் வேப்பமரத்தடியில் நின்றோம். அவர் இளநீர் வாங்கினார். இருவரும் குடிக்கவில்லை.

வடலூர் தாண்டியதும் அவரிடம் சொன்னேன். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறேன் என்று தெரியாததால் காதோடு வாய் வைத்துச் சொன்னேன். "அன்னிக்கி கேட்டீங்கள்ல. இன்ஜின் சத்தம் எனக்குக் கேக்கல. கேட்டிருந்தாலும் நகந்திருப்பனான்னு தெரியல. இப்ப கேட்டீங்கன்னா, நகருவன்."

அவர் எதிர் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துவிட்டார். தோள் குலுங்கியது. டிக்கெட் கேட்டு வந்த கண்டக்டர் இவருக்குத் தெரிந்தவர் போல, தோளில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு முன்னால் போய்விட்டார்.

ஜூலை 6, புதன்

தூறல். துணி காயவில்லை.

கலியபெருமாள் ஸ்டெல்லாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜாடியைக் கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுக்கிற இடத்தில் ஆள் தேவையாம், திங்கட்கிழமை வரலாமாம். காதுக்கு வேலை இல்லாத இடம். போகத்தான் வேண்டும். என் மேசையைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும்.

ஐந்தரைக்கெல்லாம் அவர் வந்துவிட்டார். தோள்பையைக் கழற்றவில்லை. ஸ்லேட்டையும் எடுக்கவில்லை. வாசலில் நின்று, பஸ் படியில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கினார். கக்கத்தில் எதையோ இடுக்கியிருக்கிறார், பெரியது, ஆடுகிறது. ஏறியதும் முகம் மாறியது, இப்போது அவர் டிரைவர். திரும்பிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். இப்போது ஜன்னல் சீட்டில் தூங்கிவழிகிற கிழவர், தலை சாய்ந்து சாய்ந்து அந்தப் பெரியதன் மேல் படுகிறது, துள்ளி எழுகிறார். அகிலா தரையில் புரள்கிறாள். தலைமுடி கலைந்து, மேல் பட்டன் அறுந்து, நாற்பது வயது ஆள்.

எல்லாம் புரிந்தது, கக்கத்தில் இருந்தது என்ன என்பது மட்டும் புரியவில்லை. கோழியா என்றேன். இல்லை. பலாப்பழமா. இல்லை. அகிலாவுக்குத் தெரியும், அவள் வாயைத் திறக்கப் போனாள். சொல்லக்கூடாது என்று அவளுக்கு விரலைக் காட்டிவிட்டு, மறுபடி வாசலுக்குப் போய் முதலிலிருந்து ஏறி வருகிறார்.