நூற்றிருபது டிகிரி

ஊரிகம், கே.ஜி.எஃப்.
12 ஜூன் 2023

கர்த்தருக்குள் பிரியமானவருக்கு,

உங்கள் மனைவி ஈவ்லின் எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். நகோயாவில் நீங்களும் என் தம்பியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய எட்டாம் வகுப்பு ஜப்பானியக் கணக்குப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் வந்தன. பங்காருபேட்டைக்குப் பள்ளிக்குப் போகும் ரயிலில் படிக்கிறேன். நீங்கள் சொன்னது சரிதான். வணக்கம், நன்றி என்று தொடங்கிய பாடமெல்லாம் மண்டையில் ஏறவில்லை, இது ஏறுகிறது. சாய்தளத்துக் கட்டையின் பக்கத்தில் அம்புக்குறி போட்டு 'ச்சிகாரா' என்று எழுதியிருந்தால், அது விசை என்று ஒரு இயற்பியல் டீச்சருக்கு யார் சொல்ல வேண்டும்? 'கக்குதோ' கோணம். 'கஜூ' பளு. ஆனால் உப்புக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டால் தெரியாது. எங்கள் பள்ளி ஜெயசீலி டீச்சர், "ஜப்பான் போயி கடையில இன்னா கேப்பீங்க, ரெண்டு கிலோ விசையா?" என்று சிரிக்கிறார்.

எழுதிப் பார்த்த ஜப்பானிய எழுத்துகளை இதோடு வைத்திருக்கிறேன். போனில் காட்டினால் கோடு சரியா தப்பா என்று தெரிவதில்லை. உங்கள் கையால் திருத்தி அனுப்புங்கள்.

தம்பி கிறிஸ்டோ அங்கே உங்கள் கம்பெனிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. கிரேனில் ரோப் கட்ட இன்னும் விடுவதில்லையாம், எடுத்துக் கொடுப்பதுதான் வேலையாம். போனில் குறைப்பட்டுக்கொண்டான். அவனுக்கு அம்மா எழுதச் சொன்னது: "மாமா சொல்றத கேட்டு நட."

உங்கள்,
ஈவ்லின்


நகோயா
30 ஜூலை 2023

அன்பு ஈவ்லின்,

கிறிஸ்டோவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை என்று ஊரில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். விசாரணை முடியும்வரை இங்கே இருக்க வேண்டியிருந்தது. பெட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக அறைக்குத் திரும்பினேன். அவன் படுக்கை இன்னும் அப்படியே இருக்கிறது.

என்ன நடந்தது என்று கம்பெனியின் ஆங்கிலக் கடிதத்தில் இருக்கிறது. அவசரத்தில் அவனே தப்பான ரோப்பை மாட்டி, பளுவுக்குக் கீழே போய்விட்டான். அதோடு வந்த ஜப்பானியத் தாள்கள் சட்டத்துக்காக எழுதியவை. அவற்றைப் பத்திரமாக வை, போதும். படித்து மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

அத்தையை நீதான் தேற்ற வேண்டும்.

உன்,
கொர்னேலியஸ்


ஊரிகம்
3 செப்டம்பர் 2023

பிரியமானவருக்கு,

போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒரே பேச்சுத்தான் பேசுகிறார்கள். "எம்புள்ள அவசரக்காரன். தானா போயி மாட்டிக்கினான். யார இன்னா சொல்றது?" போன ஞாயிறு போதகர் ஐயாவிடமும் அதையே சொன்னார்கள். என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த ஒன்பது தாள்களையும் எடுத்தேன். எல்லாம் புரியவில்லை. ஆனால் நான்காம் பக்கத்தில் படம் இருக்கிறது. பளு 2400 கிலோ. இரண்டு ரோப். ஒவ்வொன்றும் தாங்குவது 2000 கிலோ. இரண்டுக்கும் நடுவே கோணம் 120 டிகிரி. அறுபது டிகிரியாக இருந்தால் ஒரு ரோப்பில் 1400 கிலோகூட வராது. நூற்றிருபதில் ஒவ்வொரு ரோப்பும் முழு 2400 கிலோவைச் சுமக்கும். இதை நான் பதினொன்றாம் வகுப்புக்கு வருஷா வருஷம் நடத்துகிறேன். ரோப் நீளம் போதாமல் கட்டையாக இருந்திருக்கிறது. அதனால்தான் அகல விரித்து மாட்டியிருக்கிறார்கள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு சொல். 'ஃபுச்சூய்'. அது எந்த அறிவியல் புத்தகத்திலும் இல்லை. அகராதியில் பார்த்தேன்: கவனக்குறைவு. அதற்கு முன்னால் கிறிஸ்டோவின் பெயர். அதற்குக் கீழே சாட்சியாக உங்கள் கையெழுத்து.

ரோப்பைத் தொடவே விடாத பையன் எப்படித் தானாக மாட்டினான்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஈவ்லின்


நகோயா
25 செப்டம்பர் 2023

ஈவ்லின்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆயிற்று. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நான்தான் மாட்டச் சொன்னேன். நீள ரோப் பக்கத்துக் கொட்டகையில் இருந்தது. போய் எடுத்துவரக் கால் மணி நேரம் ஆகும். ஷிப்ட் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. "மாமா, இது கட்டையா இருக்குதே" என்றான். "ஒரே ஒரு தூக்குதான்டா, மாட்டு" என்றேன். அந்த ரோப் தேய்ந்தும் இருந்தது. பளு மேலே போனதும் ஒரு பக்கம் ஆடியது. பிடித்து நிறுத்தச் சொன்னதும் நான்தான். அவன் கீழே போனபோது ரோப் அறுந்துவிட்டது. அவன் நான் சொன்னதைக் கேட்டான், ஈவ்லின். அவ்வளவுதான் அவன் செய்தது.

மறுநாள் தாளை எழுதிக்கொண்டு வந்து, "இப்படித்தானே நடந்தது?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். இறந்தவனுக்கு இனி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது எழுதவே கை கூசுகிறது.

இதை மாற்றிச் சொன்னால் என் மேல் வழக்கு வரும். வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் இருவரும் இங்கே வாழ நினைத்ததெல்லாம் முடிந்துபோகும். நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல்.

கொர்னேலியஸ்


ஊரிகம்
8 அக்டோபர் 2023

எனக்கு மட்டும் தமிழில் சொன்னது போதாது. அவன் பெயரை எந்தத் தாளில் எழுதினார்களோ அந்த அலுவலகத்துக்குப் போங்கள். ஜப்பானிய மொழியிலேயே சொல்லுங்கள், கையெழுத்துப் போடுங்கள். நகலை எனக்கு அனுப்புங்கள். நான் படிப்பேன்.

என் அப்பா தங்கச் சுரங்கத்து ஷாஃப்டில் இறந்தபோது வீட்டுக்கு ஒரு தாள் ஆங்கிலத்தில் வந்தது. அம்மா கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. மகன் விஷயத்திலும் அப்படி ஆக விடமாட்டேன்.

ஈவ்லின்


ஊரிகம்
9 டிசம்பர் 2023

கொர்னேலியஸ் அவர்களுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் வந்தது. மூன்று பக்கமும் படித்தேன். ஜனவரியில் வழக்கு முடிந்ததும் உங்களை அனுப்பிவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து வந்ததும் அம்மாவை உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கோணத்தைக் கையால் காட்டினேன். மாட்டச் சொன்னது நீங்கள்தான் என்ற வரி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"அந்த வரிய இன்னொரு தபா படி" என்றார்கள். படித்தேன்.

"எம்புள்ள மேல தப்பு இல்லன்னு ஜப்பான்காரனே எழுதிட்டானா?"

"ஜப்பான்காரன் எழுதலமா. அவரு எழுதிக் குடுத்தாரு."

அம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். "நானே எம்புள்ளய ஊரெல்லாம் கொற சொல்லிக்கினு திரிஞ்சேனே" என்றார்கள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அம்மா வாய்விட்டு அழுதார்கள்.

மறுநாள் காலையில் சொன்னார்கள்: "அவன வரச் சொல்லு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

வாருங்கள். உங்கள் அக்கா வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் நீங்கள் பேசும்போது நானும் கூட இருப்பேன். அதற்குப் பிறகு நமக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுத என்னால் முடியாது.

இப்படிக்கு,
கிறிஸ்டோவின் அக்கா,
ஈவ்லின்