மலைக்குப் போன எண்ணெய்

பேளுக்குறிச்சி
11.2.2001

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மருமகள் ருக்ஸாரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்டால் உண்மை சொல்வீர்கள் என்ற நம்பிக்கை நேற்றோடு போய்விட்டது.

நீங்கள் மிளகு வாங்க மலையில் தங்கியிருக்கும் வீட்டுக்காரி அத்தாயி நேற்றுச் சந்தைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க குடுத்துவுட்ட எண்ணெயத் தேச்சுத்தானுங்க பேரன் மினுமினுன்னு இருக்கான்” என்று நன்றி சொன்னாள். நம் மகன் ஜுபைர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி சவூதியில் தம்மாமிலிருந்து உங்களுக்காக அனுப்பும் ஜைத்தூன் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் அது. வாரம் தவறாமல் காலி பாட்டிலைக் கொடுத்து அனுப்பினீர்களே, நீங்கள்தான் சாப்பிட்டுத் தீர்த்தீர்கள் என்று நானும் பூரித்துப் போனேனே.

எண்ணெயாவது குழந்தைக்குப் போனது. அந்த மலையூரில் ஆடு அடித்துக் கூறு போடும்போதெல்லாம் கத்தியை உங்களிடம் கொடுத்துவிடுகிறார்களாம். “அய்யாவே ஓதி அறுப்பாருங்க, ஈரலும் கொழுப்பும் கேட்டு வாங்கிக்குவாருங்க” என்று பெருமையாகச் சொன்னாள். வற்புறுத்தினார்கள் என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. அறுத்ததே நீங்கள்தான்.

நெஞ்சுவலி வந்தபோது சேலத்து டாக்டர் என்ன சொன்னார்? மத்தியதரைக் கடலோரத்து மக்களைப் போல மீன், கீரை, பருப்பு, கொட்டைகள், இந்த எண்ணெய் என்று சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லது, ரத்தக் குழாய் துருப்பிடிப்பது போலக் கெடுவது குறையும் என்றார். தனியாக அதைத் தின்ன முடியாது என்று நீங்கள் முரண்டு பிடித்ததால் நானும் அதையே தின்றேன். போன ஹஜ்ஜுப் பெருநாள் கறியை ஒரு துண்டு வைக்காமல் பங்கு கொடுத்தேன். பக்கத்து வீட்டு சபீரா சிரித்தபோது, புருஷன் உயிரைவிட பிரியாணி பெரிதா என்று அவள் வாயை அடைத்தேன். அங்கே நீங்கள் ஈரல் தின்றுகொண்டிருந்திருக்கிறீர்கள். வயிறு எரிகிறது மச்சான்.

அந்த மலையில் ராத்திரி நெஞ்சைப் பிடித்தால் அத்தனை வளைவும் தாண்டி உங்களை யார் இறக்கிக் கொண்டுவருவார்கள்? எனக்கு யார் சொல்வார்கள்?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். மிளகை அப்படியே போட்டுவிட்டு இறங்கி வாருங்கள். கறி வேண்டுமென்றால் என் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், சண்டை போடுங்கள். எனக்குத் தெரியாமல் செத்து மட்டும் போய்விடாதீர்கள்.

ஜொஹ்ரா