திரைக்குப் பின்னால் என் குரல்

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு என்றார். ஒரு மாதம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம். வருஷக்கணக்காக நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் கத்தியதற்குக் கூலி. பள்ளியில் நான் கான்ட்ராக்ட் டீச்சர். குரல் திரும்பி வராவிட்டால் ஜூனில் என் வகுப்பில் வேறொருத்தி நிற்பாள்.

இந்த நேரம் பார்த்து ஆண்டு விழா நாடகம் என் தலையில். 'தவளைக் கல்யாணம்', நானே எழுதியது. என் மகள் ஷாஹீன்தான் மணப்பெண் தவளை. பள்ளி கொடுத்த பணம் மேக்கப்புக்கே போதாது.

என் வீட்டுக்காரர் சாதிக் ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் சிலேட்டில் எழுதியதைப் படித்து, "ஒரு மாசம் வூடு அமைதியா இருக்கும்னு சொல்லு" என்றார். அத்தாவை ஷாஹீன் தலையணையால் அடித்தாள்.

ஜனவரி 23, வியாழன்

ஒத்திகைக்கு இடம் கிடைத்துவிட்டது. சாதிக்கின் கம்பெனி டவுன்ஷிப்பில், ஆளைக் காலி பண்ணி இடிக்கப்போகிற பிளாக்கில் ஒரு பழைய மன்றக் கூடம். ஓசி. சுற்றிலும் வெறும் குவார்ட்டர்ஸ், கதவு ஜன்னலையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில்கூட அந்தப் பக்கம் ஒரு சைக்கிள் போகாது.

திரைக்குப் பழைய புடவைகள், ஓசி. தவளைகளுக்குப் பச்சை உள்பாவாடை, அதுவும் ஓசி. "ஓசியில கெடச்சா ஃபினாயிலக்கூட குடிப்ப நீ" என்கிறார் சாதிக். அவருக்கென்ன, நாடகம் போட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

ஜனவரி 28, செவ்வாய்

சகிக்கவில்லை. நான் முன்னால் உட்கார்ந்து கையைத் தட்டுகிறேன், சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். மாப்பிள்ளைத் தவளை ரைஹான் நடுமேடையில் நின்று திருதிருவென்று முழிக்கிறான். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். வேறு டீச்சர் யாரும் இந்த இடத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள்.

ஜனவரி 30, வியாழன்

இன்று ஒருவரும் தடுமாறவில்லை! ரைஹான்கூட. 'வீட்டில் படித்தாயா?' என்று சிலேட்டில் எழுதினேன்.

"இல்ல மிஸ். நீங்கதான பின்னாலேர்ந்து எடுத்துக் குடுத்தீங்க."

நான் முன்வரிசை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வாலுகள், என்னிடமே விளையாட்டு.

பிப்ரவரி 3, திங்கள்

விளையாட்டில்லை.

ரைஹான் வசனத்தை மறந்து நின்றான். புடவைத் திரை லேசாக உள்வாங்கியது. அவன் காதைச் சாய்த்துக் கேட்டான், "சரிங்க மிஸ்" என்று திரையைப் பார்த்துச் சொன்னான், பிறகு வசனத்தைப் பிசகாமல் பேசினான். ஓடிப்போய்த் திரையை விலக்கினேன். சுவர். ஒரு பெருக்குமாறு. அவ்வளவுதான். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கிறது.

யாரிடம் சொல்ல? எப்படிச் சொல்ல? விழா நெருங்கிவிட்டது, நாடகம் நன்றாக வருகிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன்?

கிளம்பும்போது திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுவிட்டு வந்தேன். எதற்குப் போட்டேன்? மரியாதைக்குத்தான். யாருக்கு?

பிப்ரவரி 6, வியாழன்

கூடம் பெருக்கும் ருக்குமணி அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஏன் டீச்சர், பேசக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாருன்னாங்க. நேத்து புள்ளைங்கல்லாம் போனப்புறமும் உள்ள குந்திகினு பேசிகினே இருந்தீங்களே?"

நான் நேற்று பிள்ளைகளோடு கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். 'என்ன பேசினேன்?' என்று எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒரே பேருதான். ஷாஹீன், ஷாஹீன்னு. வா வான்னு கூப்ட்டுகினே."

ஐயோ, என் புள்ள பேரு அதுக்கு எதுக்கு? யாருடி நீ? என்னத்துக்குடி என் குரல்ல பேசுற?

பிப்ரவரி 7, வெள்ளி

நாற்காலியை எடுத்துவிட்டேன். ஒத்திகையைப் பள்ளி வராந்தாவுக்கு மாற்றிவிட்டேன். நான் எழுதிக் காட்டியதைப் படித்துவிட்டு சாதிக் சிரிக்கவில்லை. பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். ஷாஹீன் குடித்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

விழா. பாதி வரை ஒரு குறையும் இல்லை. மழைக்காகக் கல்யாணம் நடக்க வேண்டும். மணப்பெண் தவளை "சரி" என்று தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை.

ஷாஹீன் திரைப் பக்கம் காதைச் சாய்த்தாள்.

"நான் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். எங்கம்மா அங்க தனியா இருக்காங்க, என்னைக் கூப்புடுறாங்க."

கையை நீட்டிய திசையில்தான் அந்தக் காலி பிளாக் இருக்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. "கடைசி வசனம் அருமைம்மா, எப்ப சேர்த்தீங்க?" என்றார் தலைமையாசிரியை.

வீட்டில் ஷாஹீனிடம் சிலேட்டைக் காட்டினேன். "நீங்கதானம்மா சொல்லச் சொன்னீங்க" என்றாள். பயம் இல்லை அவளிடம். அதுதான் எனக்குப் பயம்.

பிப்ரவரி 20, வியாழன்

முடிச்சு சுத்தமாகக் கரைந்துவிட்டதாம். "பேசுங்கம்மா" என்றார் டாக்டர். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பேசாமலே இருந்து பழகிவிட்டதாம், தானாக வருமாம்.

வராது. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 21, வெள்ளி

போனேன். கெஞ்சியாவது வாங்கிக்கொண்டு வரலாம் என்று. கூடம் இல்லை. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், செங்கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் குரல் போனால் போகட்டும், பிள்ளையை விட்டது சனியன் என்று ஒரு நிம்மதி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது: இருந்த இடத்தை இடித்துவிட்டால் அது எங்கே போகும்?

மார்ச் 2, ஞாயிறு

ரமலானின் முதல் நோன்பு. சாதிக் ஷிஃப்டில் இருக்கிறார். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடுப்படியில் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் "வரேம்மா" என்றாள் ஷாஹீன்.

அவள் அடுப்படிக்கு வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். பாய்ந்து கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க பேசுங்க. ஒரே ஒரு தடவை என் பேரச் சொல்லுங்க. நான் போகல."

வாயைத் திறந்தேன்.

"ஷாஹீன், வாடா கண்ணு" என்றது வெளியே, வேப்பமரத்தடியில்.

முதல் முறையாக எனக்கும் கேட்டது. அத்தனை ஆசையாக நான் அவளை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

கதவைத் தாழிட்டுவிட்டேன். ஷாஹீனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். என் கையைக் கடித்துப் பிய்த்துக்கொண்டு அழுகிறாள், அம்மாவிடம் போக வேண்டுமாம்.