வால்வில் தொங்கிய இரும்பு

பிட்ஸ்பர்க்,
மார்ச் 9, 1893

அன்புள்ள லவினியா,

மாத இதழில் உன் கதையைப் படித்தேன். பாஸ்டனில் உன் அக்கா வீட்டில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆலையை எழுதியிருக்கிறாய். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் இலக்கியம் என்கிறாராம் உன் பத்திரிகை ஆசிரியர். இருக்கட்டும். உனக்கு யார் சொன்னது?

நேற்று ஃபோர்மேன் ஹால்வர்சன் எல்லார் முன்னாலும் கேட்டான்: "என்ன இன்ஜினியர் சார், உங்க வீட்டம்மா கதையில பாய்லர் வெடிக்குதாமே? அதுல வர்ற புருஷனுக்கும் உங்கள மாதிரியே செம்பட்டை மீசையாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் உனக்கு எழுதிப் போட்டானா? நான் சாப்பிடும்போதெல்லாம் உன் மடியில் அந்தக் குறிப்பேடு இருந்தது. தூக்கத்தில் ஏதாவது உளறினேனா?

எழுதுவதென்றால் சரியாக எழுது. அழுத்தம் ஏறட்டும் என்று உன் இன்ஜினியர் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வெளியே விடாதபடி அதன் நெம்புகோலில் பத்து ராத்தல் இரும்பைத் தொங்கவிடுகிறான். அபத்தம். பத்து என்றால் காலையிலேயே வெடித்திருக்கும். ஏழு ராத்தல்தான். அதனால்தான் மாலைவரை தாங்கியது. செத்ததும் மூன்று பேர் இல்லை, இரண்டு பேர்.

தண்ணீர் குறைந்ததைக் கவனிக்காமல் விட்டது கரி தள்ளிய ஆள்தான் என்று விசாரணை முடிந்துவிட்டது. அவனும் செத்துவிட்டான். அதை ஏன் கிளறுகிறாய்?

எல்லாம் வெறும் கற்பனை என்று மட்டும் சொல்லாதே. அந்த இரும்பை மாட்டியபோது அங்கே வேறு யாருமே இல்லை.

படித்ததும் இந்தக் கடிதத்தை அடுப்பில் போடு. போட்டேன் என்று எழுதினால் நம்பமாட்டேன். சாம்பலை உறையில் வைத்து அனுப்பு.

உன் கணவன்