தண்ணீர் கேட்காத செடி

சடையங்குப்பம்,
14.8.2004

அன்புள்ள வல்லரசு அண்ணனுக்கு, தங்கை செங்கொடி எழுதுவது. நீ எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள். கப்பல் கம்பெனி விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி நடமாடுகிறாள்.

மெக்சிகோவில் வாங்கி, உன் கப்பலிலிருந்து லீவில் வந்த இக்னேஷியஸ் அண்ணனிடம் நீ கொடுத்தனுப்பிய விதையில் முளைத்த ரப்பர் செடிகள் முப்பத்தெட்டும் போய்விட்டன. இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை.

போன வருடம் முழுக்க நன்றாகத்தான் இருந்தன. பாலைவனத்துப் புதர், வேர் பிடித்தபின் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நீ எழுதியதை நைனாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். தை மாதம் ஒருநாள் அவர் ஒரு குச்சியை ஒடித்து, வெகுநேரம் மென்று, உள்ளங்கையில் துப்பினார். சக்கைக்கு நடுவே மிளகளவு ரப்பர் இழுபட்டது. "பத்தொம்போது வருசம் பெல்ட் கம்பெனில ரப்பரோட கெடந்தேன், இப்பத்தான் அது ருசி தெரியுது" என்றார். கம்பெனியை மூடிய பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகுதான் கெட்டது. அந்தச் செடிக்கு இலையே சாம்பல் நிறம். கத்திரி வெயிலில் அதைப் பார்த்து, தாகத்தில் வெளுக்கிறது என்று நினைத்துவிட்டார். தண்ணீர் லாரியில் நமக்குக் கிடைக்கும் ஆறு குடத்தில் இரண்டை அதற்கு ஊற்றினார். தான் குளிப்பதைக்கூட விட்டுவிட்டார். வரிசையில் நின்ற அஜீசுன்னிசா அக்கா, "இன்னா கோதண்டம்ணே, மன்சனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, செடிக்கு ஊத்திக்கினு கீற?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு அதான் சோறு போடும், நீயா போடப்போற?" என்றார். அண்ணன் வேண்டாமென்று எழுதியிருக்கிறதே என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். "அவன் தண்ணி மேல கீறான், தாகத்தப் பத்தி அவனுக்கு இன்னா தெரியும்?" என்றார். குடத்தைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

நம் களிமண்ணில் தண்ணீர் இறங்கவில்லை. இந்த ஆடியில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நைனா ஒன்றைத் தொட்டார், அது வேரை விட்டுவிட்டுக் கையோடு வந்தது. மண்ணைக் கிளறி, அழுகிய வேரை முகர்ந்து பார்த்து, "நாந்தாம்மா சாவடிச்சிட்டேன்" என்றார். ஒன்பது நாளாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். வைத்த கஞ்சியில் ஈ மொய்க்கிறது.

அண்ணா, உன்னை நான் எதுவும் கேட்டதில்லை. அந்த விதையே சொத்தை, நீ ஏமாந்து வாங்கிவிட்டாய், யார் வளர்த்தாலும் பட்டுத்தான் போயிருக்கும் என்று நைனா பெயருக்கு நாலு வரி எழுது. நீ எழுதியதாக நானே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், அவர் முதுகைப் பார்த்ததும் வாய் வரவில்லை. உன் கையெழுத்து அவருக்குத் தெரியும். உன்னைத் திட்டுவார். திட்டட்டும். திட்டுவதற்காவது எழுந்து உட்காரட்டும்.

சீக்கிரம் எழுது அண்ணா. கடல் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
செங்கொடி