மாலை போட்ட படம்

சேர்மாதேவி
12.6.1995

சௌபாக்கியவதி சீதாவுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்பாவுக்கு மறுபடி நெஞ்சு வலி வந்துவிட்டது. பாளையங்கோட்டை டாக்டர், திருவனந்தபுரம் போய் ஆபரேஷன் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஆவணி பிறந்ததும் நாள் கொடுத்திருக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனுஷர் இல்லையா, "வண்டி வர்ற நேரத்துக்கு வரும், நீ ஏன் பிளாட்பாரத்துல நின்னு அழறே" என்கிறார்.

இந்த நேரம் பார்த்தா உன் பார்சல் வர வேண்டும்? போஸ்ட்மேன் கருத்தையா, "அம்மா, ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கு, என்னா கனம் கனக்குது" என்று நீட்டினார். வெளிநாட்டில் என்ன பசை போடுகிறார்களோ, கையெல்லாம் பிசுபிசுப்பு. மாப்பிள்ளையின் ஓவியக் கண்காட்சிப் புத்தகமாயிற்றே என்று ஆசையாகப் பிரித்தேன். அட்டையிலேயே உன் அப்பா! கண்ணாடிச் சட்டம் போட்ட படமாக வரைந்து, நெற்றிக்கு நேரே கண்ணாடி மேல் குங்குமம் வைத்து, சட்டத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை. உயிரோடு இருக்கிறவருக்கு யாராவது மாலை போட்டுப் படம் மாட்டுவார்களா? மாப்பிள்ளை வெளியூர்க்காரர், தெரியாது. உன் வாயில் என்ன கொழுக்கட்டையா?

புத்தகத்தை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருக்கிறேன். அப்பா கண்ணில் படக்கூடாது. அந்தப் படத்தை உடனே இறக்கச் சொல்லு.

வழக்கம்போல் கடைசி மடிப்பை அப்பா எழுதுவதற்காகக் காலியாக விட்டிருக்கிறேன். எழுதினால் சரி.

அம்மா
மஹாலக்ஷ்மி

அக்ரா
30.6.1995

அன்புள்ள அம்மாவுக்கு, சீதாவின் நமஸ்காரம்.

உன் கடிதம் வந்தால் முதலில் அந்தக் கடைசி மடிப்பைத்தான் பிரித்துப் பார்க்கிறேன். கல்யாணமாகி ஆறு வருஷமாக அது காலிதான். இந்தத் தடவை அதைப் பார்த்துவிட்டு மேலே படித்தால், நெஞ்சு வலி என்று இருக்கிறது. அப்பா சாப்பிடுகிறாரா? தூங்குகிறாரா? எதையும் மறைக்காமல் எழுது.

மாலை வரைந்தது எனக்குத் தெரியாது. வீட்டில் பார்த்தபோது அப்பா முகம் மட்டும்தான் இருந்தது. திறப்பு விழாவில் உன் மாப்பிள்ளை எபோ திரையை விலக்கியபோதுதான் மாலையைப் பார்த்தேன். சுற்றி நின்ற ஜனங்கள் கைதட்டுகிறார்கள். சந்தோஷத்தில் பூரித்திருந்த இவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை, அம்மா. லாரிகளுக்குப் போர்டு எழுதியவரின் பிள்ளை. ஸ்காலர்ஷிப்பில் பரோடா வந்து படித்தும், ஊர் திரும்பியபின் பாடப் புத்தகங்களுக்கு மாடும் ஆடும் வரைந்துதான் காலம் தள்ளினார். சனிக்கிழமை பத்திரிகையில் கதை எழுதுவதால் கொஞ்சம் பெயர். இவர் ஓவியத்துக்கென்று ஒரு சுவர் கிடைத்தது இப்போதுதான். லண்டனிலிருந்து வந்தவர்கள் அங்கே கண்காட்சியில் வைக்க அப்பா படத்தைத்தான் முதலில் கேட்டிருக்கிறார்கள்.

நாங்கள் சேர்மாதேவி வந்த அன்றைக்கு நினைவிருக்கிறதா? கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். இவர் என்ன செய்வார், சுவரைப் பார்த்தார். தாத்தா, பெரியப்பா, அத்தை எல்லார் படத்துக்கும் மாலை, பொட்டு. இந்த வீட்டில் பெரியவர்களுக்கு இப்படித்தான் மரியாதை செய்வார்கள் என்று நினைத்துவிட்டார். அவர்களெல்லாம் காலமானவர்கள் என்று நானும் சொல்லவில்லை.

உன்
சீதா

சேர்மாதேவி
16.7.1995

சீதாவுக்கு ஆசீர்வாதம்.

நீ சொன்ன காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனசு கேட்க வேண்டுமே. படுத்தால் அந்தச் சம்பங்கிதான் கண்ணில் நிற்கிறது. மாப்பிள்ளைக்குப் பேரும் புகழும் வரட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் லண்டனோ அமெரிக்காவோ, என் தாலிக்கு அப்புறம்தான். அந்த மாலையை அழிக்கச் சொல்லு. உனக்குச் சொல்ல வாய் வராவிட்டால் நானே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதுகிறேன்.

அப்பா பேச்சைக் குறைத்துவிட்டார். நேற்று அரிசி டின் பக்கத்தில் வந்து நின்று, "அரிசி இருக்கோன்னோ?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மா

அக்ரா
2.8.1995

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். இவர் வர்ணப் பெட்டியை எடுத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போனார். நானும் கூடவே ஓடினேன். கண்காட்சி நடத்துபவர் இவர் கையைப் பிடித்துத் தடுத்தார். படத்தைத் தொட்டால் லண்டன் போகாது என்று கத்தினார். இவர் கேட்கவில்லை. மாலை, பொட்டு, சட்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். லண்டன் பெட்டி இவர் படம் இல்லாமலே கப்பல் ஏறிவிட்டது.

என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. "ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று மட்டும் சொன்னார்.

படம் இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே இருக்கிறது. தினமும் அப்பா முன்னால்தான் சாப்பிடுகிறோம். நான் புறப்பட்டு வரட்டுமா? அப்பா வா என்று சொல்லாமல் எப்படி வருவது? பயமாக இருக்கிறது, அம்மா.

சீதா

சேர்மாதேவி
22.8.1995

சீதாவுக்கு,

உன் கடிதம் வயிற்றில் பாலை வார்த்தது. கூடவே மாப்பிள்ளையின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே என்று துக்கமாகவும் இருக்கிறது. அவரிடம் சொல்லு. எப்படிச் சொல்வாயோ தெரியாது, சொல்லு.

நாளை விடிகாலை திருவனந்தபுரம் கிளம்புகிறோம். மாற்று வேஷ்டி, பிளாஸ்க், விபூதி எல்லாம் எடுத்து வைத்தும் எதையோ மறந்த மாதிரியே இருக்கிறது. உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ச் சுத்தியலைத் தேடினார். இந்த உடம்போடு என்ன வேலை என்று சத்தம் போட்டேன். இப்போது வந்து பேனா கேட்கிறார்.

அம்மா

(கடைசி மடிப்பில்)

சீதா,

அந்தப் பார்சலைக் கருத்தையா முதலில் என்னிடம்தான் கொடுத்தார், ஆற்றுப் பாதையில். பிரித்துப் பார்த்துவிட்டு, கோந்து வாங்கி ஒட்டி, வீட்டில் கொடுக்கச் சொன்னேன். உன் அம்மா அதை அரிசிக்குள் ஒளித்துக் காவல் காக்கிறாள். அவள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்க்கிறேன்.

நீங்கள் வந்த அன்று என் மூக்குக்கண்ணாடியின் இடது காதுக் கம்பியைக் கறுப்பு நூலால் கட்டியிருந்தேன். அதை வரைந்திருக்கிறான். உன் அம்மாகூடக் கவனித்ததில்லை. நான் பேப்பரைப் புரட்டிய நேரத்தில் பார்த்திருக்க வேண்டும்.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. எவ்வளவு யோசித்தாலும் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புதான் ஞாபகம் வருகிறது. பழுப்பு நிறம்.

மாலையை அழித்திருக்க வேண்டாம். சம்பங்கி நன்றாக வந்திருந்தது.

மாப்பிள்ளையின் போட்டோ ஒன்று அனுப்பு, பெரிதாக. இல்லாவிட்டால் அவரையே கூட்டிக்கொண்டு வா. கூடத்தில் ஆணி அடித்துவிட்டேன். நான் திரும்பி வரும்போது படம் இங்கே இருக்க வேண்டும். மாலை போட மாட்டோம்.

அப்பா