பொத்தான் வைத்த கீபோர்டு

என் கோபக்கார மனைவிக்கு,

அம்மா வீட்டில் நலம்தானே? நான் நன்றாகவே இருக்கிறேன். ஒரு நாள் மட்டும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

"இனி நீங்களாச்சு, உங்க கீபோர்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாயே, நேற்று புதிது வாங்கினேன். கடைக்காரர் தொடுதிரை வைத்ததையே முன்னால் தள்ளினார். "இதைத்தான் சார் இப்ப எல்லாரும் கேக்கிறாங்க."

"கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கே. கண்ணு தெரியாத நான் எங்கேன்னு தொடுறது?"

"மேடையில பக்கத்துல நின்னு வாத்தியச் சத்தத்தை மாத்திக் குடுக்க ஆள் இருப்பாங்கல்ல?"

"இருந்தாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மூலையில் கிடந்த பழைய மாடலைத் தடவிப் பார்த்தேன். புல்லாங்குழலுக்கு ஒரு பொத்தான், வயலினுக்கு ஒரு பொத்தான்; அழுத்தினால் விரலுக்கே தெரிகிறது. அதையே எடுத்துக்கொண்டேன். ஒத்திகையில் சோகப் பாட்டுக்கு நடுவே டிரம்பெட் அலறியதில் பாடகி சிரித்துவிட்டாள். மற்றபடி எல்லாவற்றையும் நானே மாற்றினேன்.

சனிக்கிழமை கச்சேரி. உதவிக்குக் கூப்பிடவில்லை. இத்தனை வருஷமும் மேடையில் என் பக்கத்திலேயே நின்ற நீ, ஒரு தடவைகூட எதிரே உட்கார்ந்து என் வாசிப்பைக் கேட்டதில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. முன்வரிசையில் ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருவாயா?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வீட்டுக்காரன்